வோடூன்னா பொம்மையில ஊசி குத்துறதா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, ஸாம்பின்ற சொல் பரவினதே ஹைட்டி நாட்டுல இருந்துதான்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். விட்டீங்களா? வந்த மெயில்ல பாதி அதப் பத்திதான். சரி, இந்தத் தடவ வேற எதையும் தொடல. கரீபியன் தீவுகள்ல ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் கும்பிடுற சாமிங்க பத்தி வந்த கேள்வி மட்டும்தான்.

கேள்வி: வூடூன்னா பில்லி சூனியம்தானே சார்? பொம்மை செஞ்சு ஊசி குத்துவாங்களே, அதப் போய் மதம்னு எழுதுறீங்க?

பதில்: ஏழெட்டு பேர் இதையே கேட்டிருக்கீங்க, அதனால இதுல ஆரம்பிக்கிறேன். நீங்க சொல்ற 'வூடூ' ஹாலிவுட்காரன் பண்ணி வெச்சது. ஹைட்டில இருக்குறது வோடூ. மேற்கு ஆப்பிரிக்காவுல இன்னைக்கு பெனின்னு சொல்ற நாட்டுல ஃபோன்னு ஒரு பாஷை இருக்கு, அதுல வோடுன்னா தெய்வம், ஆவி, அவ்ளோதான் அர்த்தம். ஊசி பொம்மைக்கும் இதுக்கும் பெருசா சம்பந்தம் கிடையாது, மெழுகுல உருவம் செஞ்சு குத்துறதெல்லாம் ஐரோப்பாவுல பழைய காலத்து சூனியக்காரங்க கதையில வர்றது, அத அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ்ன்ற ஊர்ல டூரிஸ்ட் கடைக்காரங்களும் சினிமாக்காரங்களும் சேந்து இவங்க தலைல கட்டிட்டாங்க.

ஹைட்டிக்காரங்க நம்பிக்கைப்படி எல்லாத்துக்கும் மேல ஒரு கடவுள் இருக்காரு, பேரு போந்தியே. ஃப்ரெஞ்சுல நல்ல கடவுள்ன்றது திரிஞ்சு இப்படி ஆச்சு. ஆனா அவரு ரொம்ப தூரத்துல இருக்காரு, நம்ம வீட்டு சண்டை, காய்ச்சல், கடன் இதுக்கெல்லாம் அவர தொந்தரவு பண்ண முடியாது. அதுக்குத்தான் லுவாங்க. குலதெய்வம் மாதிரின்னு வெச்சுக்கோங்க, முழுசா பொருந்தாது, ஆனா கிட்டத்தட்ட. அங்க யாரும் 'நான் வோடூ மதம்'னு அவ்வளவா சொல்லிக்க மாட்டாங்க, 'நான் லுவாவுக்கு ஊழியம் பண்றேன்'னுதான் சொல்வாங்க. ஆம்பள பூசாரி ஊங்கான், பொம்பள பூசாரி மம்போ. ரெண்டு பேருக்கும் சம அந்தஸ்து, இது நிறைய பெரிய மதத்துலயே கிடையாது.

ஸாம்பி விஷயத்துக்கு வர்றேன். சினிமால அது மனுஷன கடிச்சுத் தின்னும். ஹைட்டில யாரும் ஸாம்பிய பாத்து பயப்படல, தான் ஸாம்பியா ஆயிடுவோமோன்னுதான் பயம். ஏன்னா ஸாம்பின்னா செத்தும் விடுதலை இல்லாம, புத்தி மழுங்கி, எவனோ ஒருத்தன் தோட்டத்துல காலத்துக்கும் வேலை செய்றவன். அடிமையா இருந்தவனுக்கு இருந்த ஒரே ஆறுதல், செத்தா கினேன்ன்ற மூதாதையர் பூமிக்கு, அதாவது ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிடுவோம்ன்றது, அதுவும் இல்லேன்னா எப்படி இருக்கும்? அமெரிக்க ராணுவம் 1915ல இருந்து 1934 வரைக்கும் ஹைட்டிய பிடிச்சு வெச்சிருந்தப்பதான் அங்க போய்ட்டு வந்தவங்க இந்தக் கதைய மசாலா தடவி வித்தாங்க, 1932லயே ஹாலிவுட்ல முதல் ஸாம்பி படம் வந்துடுச்சு.

கேள்வி: இதெல்லாம் ஆப்பிரிக்காவுல இருந்து அப்படியே கொண்டு வந்த மதமா, இல்ல தீவுக்கு வந்தப்புறம் உண்டானதா?

பதில்: நல்ல கேள்வி, இத எழுதினது ஒரு காலேஜ் பொண்ணு. நான் ரெண்டாவது கட்சி. ஆனா கொஞ்சம் விளக்கணும்.

அட்லாண்டிக் அடிமை வியாபாரத்துல கிட்டத்தட்ட 1 கோடியே 25 லட்சம் பேர கப்பல்ல ஏத்தினாங்க, கரை இறங்கினது சுமார் 1 கோடியே 7 லட்சம். நடுவுல காணாமப் போன கணக்க நீங்களே போட்டுக்கோங்க. இவங்க எல்லாரையும் நாம 'ஆப்பிரிக்கர்'னு ஒரே வார்த்தைல சொல்லிடுறோம், ஆனா கப்பல்ல ஏறினப்ப அவங்க யாரும் தன்ன ஆப்பிரிக்கன்னு நெனச்சிருக்க மாட்டாங்க. ஃபோன், யொரூபா, காங்கோ, இக்போ, அக்கான்னு தனித்தனி ஆளுங்க, ஒருத்தன் பாஷை இன்னொருத்தனுக்குப் புரியாது, சில பேர் ஊருல பரம எதிரியா கூட இருந்திருப்பாங்க. கோயில், பூசாரி, சொந்தபந்தம், முன்னோர் சமாதி எல்லாம் அந்தக் கரைல நின்னு போச்சு. சாமி கும்பிடணும்னா கூட பக்கத்துல இருக்குற வேத்து ஆளோடதான் கும்பிடணும்.

ஹைட்டிக்கு அப்ப பேரு செந்தொமாங், ஃப்ரெஞ்சுக்காரன் காலனி, உலகத்துலயே லாபம் கொழிச்ச சர்க்கரை பூமி. 1789 வாக்குல அங்க அஞ்சு லட்சம் அடிமைங்க, வெள்ளைக்காரங்க முப்பது நாப்பதாயிரம் பேருதான். வேலை வாங்கியே கொன்னுட்டு புதுசா ஆள் இறக்கிக்கிட்டே இருந்ததால அந்த அஞ்சு லட்சத்துல பாதிக்கு மேல ஆப்பிரிக்காவுலயே பொறந்தவங்க. அதாவது நினைவு பசுமையா இருந்த ஜனம். இவங்க என்ன பண்ணாங்கன்னா, சாமிங்கள 'நாங்சோன்' நாங்சோனா, அதாவது இனம் இனமா அடுக்கினாங்க. அல்லாடான்ற ஊர் பேருல வந்தது ராடா கூட்டம், அமைதியான, பழைய லுவாங்க. யொரூபா பக்கத்து சாமிங்க நாகோ, காங்கோ சாமிங்களுக்குத் தனி வரிசை. பெட்ரோன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது தீவு மண்ணுல வெடிச்சு வந்த சூடான கூட்டம், அதோட பூசைல சாட்டை சத்தம், விசில், வெடிமருந்து எல்லாம் வரும். அடிமைத் தோட்டத்துல எந்த சத்தம் கேட்டு நடுங்கினாங்களோ அதையே சாமி கையில குடுத்துட்டாங்க. இத ஆப்பிரிக்காவுல இருந்து 'அப்படியே கொண்டு வந்தது'ன்னு எப்படிங்க சொல்றது?

ஒரே ராத்திரி பூசைல எல்லா நாங்சோனுக்கும் முறை வெச்சு மரியாதை செய்வாங்க, யாரையும் விட மாட்டாங்க. எனக்கு இதுல பிடிச்சதே இந்த இடம்தான். உன் சாமியும் வரட்டும், என் சாமியும் வரட்டும்னு வேத்து ஆளுங்க சேந்து உக்காந்து பேசி முடிச்ச மாதிரி இருக்கு.

கேள்வி: முதலாளி கண்ணுல மண்ணத் தூவ கத்தோலிக்க புனிதர் படத்துக்குப் பின்னாடி தங்களோட சாமிய ஒளிச்சு வெச்சு கும்பிட்டாங்கன்னு ஒரு வீடியோல பாத்தேன். உண்மையா?

பதில்: பாதி உண்மை. மீதிப் பாதிய வீடியோக்காரங்க சொல்றதே இல்ல.

சட்டமே அப்படித்தான் இருந்துச்சு, 1685ல ஃப்ரெஞ்சு ராஜா போட்ட கறுப்புச் சட்டத்துல அடிமைங்க எல்லாருக்கும் கத்தோலிக்க ஞானஸ்நானம் கட்டாயம், வேற மதம் வெளிப்படையா பண்ணக் கூடாது. ஸ்பெயின்காரன் ஆண்ட க்யூபாவுலயும் அதே கதை. அதனால ஒளிச்சு வெச்சது நடந்திருக்கும். ஆனா வெறும் முகமூடின்னா விடுதலை கெடச்ச அன்னைக்கே கழட்டிப் போட்டிருக்கணும்ல? க்யூபாவுல 1886ல அடிமைமுறை ஒழிஞ்சுது, இன்னைக்கும் டிசம்பர் 17 அன்னைக்கு ஹவானாவுக்கு வெளிய எல் ரின்கோன்ற இடத்துல சான் லாசரோன்ற கத்தோலிக்க புனிதரோட கோயிலுக்கு முட்டி போட்டுக்கிட்டு, தரைல உருண்டுக்கிட்டு கூட்டம் போகுது, அதுல பாதி பேருக்கு அவரு சான் லாசரோ, பாதி பேருக்கு பாபாலூ ஆயேன்ற யொரூபா சாமி, நிறைய பேருக்கு ரெண்டும். கட்டைல ஊன்றிக்கிட்டு, ஒடம்பெல்லாம் புண்ணோட, நாய்ங்க நக்கிக்கிட்டு நிக்கிற அந்தப் பிச்சைக்கார லாசரோவப் பாத்தவுடனே அம்மைக்கும் தொத்துநோய்க்கும் அதிபதியான தங்களோட ஊரு சாமி ஞாபகம் வந்துருச்சு அவங்களுக்கு. அது ஏமாத்துறதில்ல, அடையாளம் கண்டுக்கிறது.

இன்னொண்ணு கேளுங்க, சாங்கோன்னு யொரூபா இடி மின்னல் ராஜா, மீசை முறுக்கின ஆம்பள சாமி. அவருக்கு ஜோடி சேத்தது யாரோட தெரியுமா, கத்தோலிக்க புனிதர் சான்டா பார்பராவோட, பொண்ணு! சிவப்புத் துணி, கைல வாள், அவள கொன்ன அப்பன் மேல இடி விழுந்த கதை, எல்லாம் பொருந்துது, பொம்பளயா இருந்தா என்னன்னு விட்டுட்டாங்க. அதுக்கும் ஒரு கதை வெச்சிருக்காங்க, எதிரிகிட்ட இருந்து தப்பிக்க சாங்கோ ஒரு தடவ தன் மனைவி ஓயாவோட துணியக் கட்டிக்கிட்டுப் போனாராம். 1969ல வாட்டிகனே பார்பராவ பொதுக் காலண்டர்ல இருந்து எடுத்துருச்சு, க்யூபாவுல டிசம்பர் 4 வந்தா யாரும் அதக் கண்டுக்கல.

ஹைட்டிலயும் இதேதான். பாம்பு தெய்வம் தன்பாலாவுக்குப் படம் செயின்ட் பேட்ரிக், காலடில பாம்பு இருக்குல்ல அதனால. எஸிலி தாந்தோன்னு ஒரு தாய் தெய்வம், கன்னத்துல வெட்டுத் தழும்போட கறுப்பு மாதா படம் வெச்சுக் கும்பிடுறாங்க, அது போலந்து நாட்டு மாதா. நெப்போலியன் 1802ல அனுப்பின படைல போலந்து சிப்பாய்ங்க இருந்தாங்க, அவங்கள்ல கொஞ்ச பேர் கட்சி மாறி ஹைட்டிக்காரங்களோட சேந்துட்டாங்க, அவங்க கொண்டு வந்த படம்தான்னு சொல்றாங்க.

இன்னும் ஒரு விஷயம். காங்கோ ராஜா 1491லயே ஞானஸ்நானம் வாங்கிட்டாரு, கொலம்பஸ் கப்பல் ஏறுறதுக்கு முந்தின வருஷம். அந்தப் பக்கத்துல இருந்து பிடிச்சுட்டு வந்தவங்கள்ல நிறைய பேருக்கு மாதாவும் சிலுவையும் ஏற்கெனவே பழக்கம். வெள்ளைக்காரன் கிட்டத்தான் முதல் தடவயா பாத்தாங்கன்னு நெனைக்கிறதே தப்பு.

கேள்வி: க்யூபா மதத்துக்குப் பேரு சான்டேரியாதானே? அது வோடூவோட ஒரு கிளையா?

பதில்: இல்ல. தாய் வேற. வோடூவுக்கு ஃபோனும் காங்கோவும் முதுகெலும்பு, சான்டேரியாவுக்கு யொரூபா. ஹைட்டில புரட்சி வந்து சர்க்கரை படுத்ததும் அந்த வியாபாரம் க்யூபாவுக்குத் தாவுச்சு, அங்க இறக்கின அடிமைங்கள்ல பெரும்பாலானவங்க 1790க்கு அப்புறம் வந்தவங்க. அதே சமயம் ஆப்பிரிக்காவுல ஓயோன்ற யொரூபா சாம்ராஜ்யம் உடைஞ்சு சண்டை, ஆயிரக்கணக்குல கைதிங்க கப்பலுக்குப் போனாங்க, அதுல பாபலாவோன்ற ஜோசியப் பூசாரிங்களும் இருந்தாங்க. அதான் இஃபா ஜோசியம், 16 பனங்கொட்டை வெச்சு 256 அடையாளம், ஒவ்வொண்ணுக்கும் மனப்பாடமா பாட்டும் கதையும், இவ்ளோ பெரிய விஷயம் கடல் தாண்டியும் தப்பிச்சுது. சான்டேரியான்றது வெளியாளுங்க கிண்டலா வெச்ச பேரு, புனிதர் பைத்தியம்ன்ற மாதிரி. அவங்க லுகுமி, ஒச்சா முறைன்னு சொல்லிக்குவாங்க. ஹவானாவுல 'கபில்தோ'ன்னு இனவாரியா சங்கம் வெச்சுக்க ஸ்பெயின்காரன் அனுமதிச்சான், பிரிச்சு வெச்சா ஒண்ணா சேர மாட்டாங்கன்னு கணக்கு, அங்கதான் மேளமும் மந்திரமும் வளந்துச்சு.

கேள்வி: ஹைட்டி விடுதலையே சாத்தானோட போட்ட ஒப்பந்தத்தாலன்னு ஒரு பிரசங்கத்துல கேட்டேன்.

பதில்: நானும் கேட்டேன், எரிச்சலாத்தான் வருது. 1791 ஆகஸ்ட்ல புவா கைமான்ன்ற காட்டுல அடிமைங்க கூடினாங்க, புக்மேன்னு ஒரு தலைவர், கூடவே சேசில் ஃபாத்திமான்ற மம்போ, ஒரு பன்னிய பலி குடுத்து சத்தியம் பண்ணாங்கன்னு கதை. சில நாள்லயே வடக்குப் பகுதி கரும்புத் தோட்டமெல்லாம் எரிஞ்சுது, 1804 ஜனவரி 1ல நாடு விடுதலை. அந்தக் கூட்டத்தப் பத்தின முதல் எழுத்து 1814ல வெளிவந்துச்சு, எழுதினது தால்மாஸ்ன்ற ஃப்ரெஞ்சு டாக்டர், அடிமைங்களுக்கு எதிர்ப்பக்கத்து ஆளு. அதனால அங்க ஒவ்வொரு நிமிஷமும் என்ன நடந்துச்சுன்னு ஆராய்ச்சியாளர்ங்க இன்னும் சண்டை போடுறாங்க. சாத்தான்ற பார்ட்டியே வோடூல கிடையாது, அத உள்ள கொண்டு வந்தது பின்னாடி வந்த பிரசங்கிங்க.

இதுல வேடிக்கை என்னன்னா விடுதலை வாங்கினப்புறம் ஆண்டவங்களே வோடூவத் தடை பண்ணாங்க. இந்த மேளமும் ராத்திரிக் கூட்டமும் ஒரு அரசாங்கத்தக் கவுத்ததக் கண்ணால பாத்தவங்க, அடுத்தது நாமளோன்னு பயம். 1835 சட்டத்துல இது குத்தம். ஆனா 1860 வரைக்கும் வாட்டிகன் ஹைட்டிய அங்கீகரிக்காததால முறையான பாதிரியாருங்க வரவே இல்ல, அந்த அம்பது அறுவது வருஷத்துலதான் வோடூ கிராமம் கிராமமா வேரூனுச்சு. 1941, 42ல சர்ச்சும் அரசாங்கமும் சேந்து கோயில இடிச்சு மேளத்தையெல்லாம் கொளுத்துனாங்க. கடைசில 2003 ஏப்ரல்லதான் அதிகாரபூர்வ மதம்னு ஆணை வந்துச்சு, அதப் போட்ட ஜனாதிபதி அரிஸ்டீட் முன்னாள் கத்தோலிக்கப் பாதிரியார்!

கேள்வி: அங்கயும் சாமி வருமா?

பதில்: வரும். அதுதான் பூசையோட மையமே. கோயில் நடுவுல பொத்தோ மித்தான்னு ஒரு கம்பம், அது வழியா லுவா இறங்கும், தரைல மாவால வேவேன்னு கோலம் போட்டு வெச்சிருப்பாங்க. சாமி வந்த ஆளுக்குப் பேரு குதிரை, லுவா அவர் மேல ஏறி சவாரி பண்றதா அர்த்தம். ஓகூன்ற லுவா வந்தா வெட்டுக்கத்தி வேணும்னு கேக்கும். கெதேன்னு செத்தவங்களோட லுவா வந்தா மிளகாய் ஊறப்போட்ட ரம் குடிச்சுட்டு, மூக்கால பேசி, பச்சையா ஜோக் அடிச்சு கூட்டத்தையே சிரிக்க வைக்கும், நவம்பர் முதல் ரெண்டு நாளும் சமாதித் தோட்டத்துல இதான் திருவிழா. முடிஞ்சதும் அந்த ஆளுக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காதும்பாங்க.

கேள்வி: பாப் மார்லி மதமும் இதுல சேருமா?

பதில்: ஜமைக்கா பாட்டுக்காரர் மார்லியோட அந்த மதத்துக்குப் பேரு ரஸ்தஃபாரி. அது ஒரு வகைல சேரும், ஒரு வகைல சேராது, ஏன்னா அங்க லுவா, ஒரிஷான்ற யொரூபா சாமிங்க, சாமி வர்றது எதுவும் கிடையாது, பைபிள்தான். 1930 நவம்பர் 2ல எத்தியோப்பியாவுல ஹைலே செலாசி முடிசூட்டினாரு, ஜமைக்காவுல சில பேர் பைபிள்ல சொன்ன ராஜா இவருதான்னு முடிவு பண்ணாங்க. முக்கியமான ஆளு லெனர்ட் ஹோவெல், ராஜத்துரோகம்னு 1934ல ரெண்டு வருஷம் உள்ள தள்ளிட்டாங்க. அவரு எழுதினதுக்கு வெச்சுக்கிட்ட புனைப்பேர் கங்குங்குரு மராக், பேரப் பாத்தாலே இந்திய வாடை அடிக்குதுல்ல? அங்க கூலி வேலைக்குப் போன இந்தியர்ங்ககிட்ட இருந்துதான் கஞ்சா, அந்த வார்த்தை உட்பட, ஜமைக்காவுக்குப் போச்சு.

ஜமைக்காவுல அதுக்கு முன்னாடியே இருந்தது ஒபியா. தனி வைத்தியம், தாயத்து, மந்திரம். 1760ல டாக்கி தலைமைல பெரிய அடிமைக் கலகம், ஒபியாக்காரங்க குண்டு துளைக்காதுன்னு பொடி குடுத்தாங்கன்னு தெரிஞ்சு அதே வருஷம் ஒபியாவுக்கு மரண தண்டனை வரைக்கும் சட்டம் போட்டாங்க. 1898ல வந்த ஒபியா சட்டம் இந்த நூற்றாண்டுலயும் புத்தகத்துல இருந்துச்சு.

கேள்வி: நம்ம ஆளுங்களும் அந்தத் தீவுங்களுக்குக் கூலியா போனாங்களே, ரெண்டு சாமியும் சந்திச்சுக்கிச்சா?

பதில்: சந்திக்காம? அடிமைமுறை ஒழிஞ்சதும் அந்த வேலைக்குத்தானே கூட்டிட்டுப் போனாங்க, கயானாவுக்கு 1838, டிரினிடாடுக்கு 1845, மார்ட்டினிக்குக்கு 1853, குவாதலூப்புக்கு 1854. ஃப்ரெஞ்சுத் தீவுங்களுக்குப் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியா போனதுல தமிழ் ஆளுங்க நிறைய. மாரியம்மன் அங்க மாலியெமன் ஆயிட்டா. மார்ட்டினிக்ல இந்தப் பூசைக்கு ஜனங்க வெச்ச பேரு 'போந்தியே கூலி', மேல சொன்ன அதே போந்தியேதான். கயானாவுல மதராஸிங்க கொண்டு போன காளியாயி பூசைக்கு ஆப்பிரிக்க வம்சாவளி ஆளுங்களும் நோய் தீர வர்றாங்க. டிரினிடாட்ல சிபாரியான்னு ஒரு ஊர், அங்க கத்தோலிக்கக் கோயில்ல இருக்குற கறுப்பு மாதா இந்துக்களுக்கு சிபாரி மாயி, புனித வெள்ளி சமயத்துல கூட்டம் தாங்காது. அந்தத் தீவு ஒரிஷா கோயில்ங்கள்ல மூங்கில் கழில கலர் கலரா கொடி நிக்கும், பக்கத்துல இந்துக்கள் வீட்டு வாசல்லயும் அதே மாதிரி கொடி. யாரப் பாத்து யாரு வெச்சாங்கன்னு கேட்டா ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கதை வரும்.

கேள்வி: ஆடு கோழி பலி குடுக்குறாங்களாமே, அமெரிக்காவுல இத எப்படி விட்டு வெச்சாங்க?

பதில்: விடல. மயாமி பக்கத்துல ஹயாலியா நகராட்சி 1987ல தடை போட்டுச்சு, ஒரு லுகுமி, அதாவது சான்டேரியா சபை கேஸ் போட்டுச்சு, 1993ல சுப்ரீம் கோர்ட் ஒருமனதா சபை பக்கம். சாப்பாட்டுக்கு வெட்டலாம், சாமிக்கு மட்டும் வெட்டக் கூடாதுன்னா அது அந்த மதத்தக் குறி வெச்ச சட்டம்னு சொல்லிட்டாங்க. பலி குடுத்தத பெரும்பாலும் சமைச்சு சாப்பிட்டுருவாங்க, அதையும் சொல்லிடணும்.

கேள்வி: டிரினிடாட்ல சத்தம் போட்டு ஜெபம் பண்ணா ஜெயிலுன்னு சட்டம் இருந்துச்சாம், கதை விடுறாங்களா?

பதில்: கதையில்ல. 1917ல ஷௌட்டர் தடைச் சட்டம். ஸ்பிரிச்சுவல் பாப்டிஸ்ட்னு ஒரு கூட்டம், கிறிஸ்தவமும் ஆப்பிரிக்க வழக்கமும் கலந்தது. தலைல வெள்ளத் துணி கட்டுறது, கைல எரியிற மெழுகுவத்தி, மணி அடிக்கிறது, தரைல சாக்பீஸ்ல கோடு போடுறது, ஒடம்ப உலுக்குறது, இதெல்லாம் ஒவ்வொண்ணா குத்தத்துக்கு அடையாளம்னு சட்டத்துலயே எழுதி வெச்சாங்க. 34 வருஷம் காட்டுல ஒளிஞ்சு ஜெபம் பண்ணாங்க. 1951 மார்ச் 30ல சட்டம் ரத்து, 1996ல இருந்து அந்தத் தேதி அங்க அரசு விடுமுறை.

கேள்வி: இவ்ளோ சாமி சொன்னீங்களே, உங்களுக்குப் பிடிச்சது எது?

பதில்: லெக்பா. வாசல் காக்குறவரு, அவரு கதவத் தொறந்தாத்தான் மத்த லுவாங்க வர முடியும், அதனால எந்தப் பூசையும் அவர்லதான் ஆரம்பிக்கும். ஹைட்டில அவரு கோல் ஊன்றின கிழவர், தோள்ல ஓலைப் பை, வாயில பைப். இதே ஆளு க்யூபாவுக்குப் போனா எலெகுவா, சின்னப் பையன், சேட்டைக்காரன். கிழவருக்குப் புகையிலை வெக்கணும், பையனுக்கு மிட்டாயும் பொம்மையும்.